அரிசியில் வண்டு எப்படி வந்தது? உயிரினங்களின் எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதும்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஏழு வாரம் தங்கிவிட்டுத் திரும்பி வந்து அரிசி டிரம்மைத் திறந்தால், மேலே பழுப்பாக, கறுப்பாக என்னவோ நகர்கிறது. வண்டு. ஒன்றிரண்டு இல்லை, கையை விட்டால் கையோடு ஏறி வருகிற அளவுக்கு. புறப்பட்ட அன்று காலையில் இதே டிரம்மிலிருந்துதான் இரண்டு ஆழாக்கு அளந்து உலை வைத்தேன், அப்போது ஒரு வண்டைக்கூடப் பார்த்த நினைவு இல்லை. மூடியும் இறுக்கமாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அரிசியில அதுவா உண்டாகுறதுதானே, இதுக்குப் போய் இப்படி முழிக்கிறே" என்றார்.

அதுவாக உண்டாகாது. நான் புறப்பட்ட அன்றே அவை உள்ளேதான் இருந்தன, என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பெண் அரிசி வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசிமணியில் சின்னதாக ஒரு துளை போட்டு, அதற்குள் ஒரு முட்டை இட்டு, பசைபோன்ற ஒன்றால் துளையை அடைத்துவிடும். முட்டை பொரித்துப் புழு வருவது, புழு தின்று வளர்வது, கூட்டுப்புழுவாவது எல்லாமே அந்த ஒரு மணிக்குள் நடக்கும். வெப்பமான வீட்டில் ஒரு மாதம்போல ஆனதும் முழு வண்டாக மணியை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். நாம் பார்ப்பது அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்தான்.

ஒரு காட்டில் புலி எத்தனை, ஒரு ஏரியில் மீன் எத்தனை, ஒரு தீவில் மான் எத்தனை, அந்த எண் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று கேட்கிற ஒரு துறையே உயிரியலில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அரிசி டிரம்மைவிட நல்ல இடம் கிடையாது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான்கு வாசல்

அடிப்படைக் கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு இடத்தில் ஒரு உயிரினத்தின் எண்ணிக்கை மாறுவதற்கு நான்கே வழிகள்தான் உண்டு. பிறப்பும் வெளியிலிருந்து வந்து சேர்வதும் எண்ணிக்கையைக் கூட்டும், இறப்பும் இடத்தை விட்டுப் போவதும் குறைக்கும். வண்டானாலும் யானையானாலும் ஐந்தாவது வாசல் கிடையாது. செய்தியில் "சிறுத்தைகள் அதிகரித்துவிட்டன" என்று படித்தால் உடனே கேட்க வேண்டியது, இந்த நான்கில் எது மாறியது என்பதைத்தான். நிறையக் குட்டி பிறந்ததா, குட்டிகள் சாவது குறைந்ததா, பக்கத்துக் காட்டிலிருந்து வந்தனவா, இல்லை, எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறதா, ஊருக்குள் வந்து நம் கண்ணில் படுவது மட்டும் கூடியிருக்கிறதா? நான்குக்கும் மருந்து வேறு வேறு.

என் டிரம் மூடியிருந்தது. அதனால் வருவதும் போவதும் இல்லை, பிறப்பும் இறப்பும் மட்டும்தான். தின்ன அரிசி குறையில்லை, பிடித்துத் தின்ன எதிரி இல்லை, சமையலறையில் சூடும் சரியாக இருந்தது. இப்படி எல்லாம் தோதாக அமைந்தால் வண்டு எவ்வளவு வேகத்தில் பெருகும் என்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த எல். சி. பர்ச் என்ற சூழலியலாளர் கணக்குப் போட்டு 1948-இல் வெளியிட்டார். 29 டிகிரி சூட்டில், கோதுமையில், ஒரு தாய் வண்டுக்கு அடுத்த தலைமுறையில் சராசரியாக 113 பெண் வண்டுகள். ஒரு தலைமுறைக்கு ஆறு வாரத்துக்குச் சற்று மேல். அதாவது, மொத்தக் கூட்டமும் ஒரு வாரம் முடியும் முன்பே இரண்டு மடங்காகிவிடுகிறது.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். இது கூட்டல் இல்லை, பெருக்கல். மாதம் நூறு ரூபாய் உண்டியலில் போடுவது கூட்டல், வாங்கிய கடனுக்கு வட்டிக்கு வட்டி ஏறுவது பெருக்கல். உயிரினங்கள் வட்டிக்கு வட்டி ரகம், ஏனென்றால் பிறந்த குட்டியும் பெரிதாகிக் குட்டி போடும். பர்ச் சொன்ன வேகம் முழுதாகக் கிடைத்தால் நான் ஊரில் இருந்த ஏழு வாரத்தில் வண்டுகள் இருநூறு மடங்கு ஆகியிருக்கும். புறப்படும்போது முட்டையும் புழுவுமாக ஐம்பது இருந்திருந்தால் திரும்பும்போது பத்தாயிரம். அதே வேகம் ஓராண்டு நீடித்தால் பெருக்கம், ஒன்றுக்குப் பின்னால் பதினேழு சுழியம் போட்ட எண்ணையும் தாண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஏன் நடக்கவில்லை என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

அதே கணக்கில் எனக்கு இன்னும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. இப்படி வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் வண்டுக் கூட்டத்தை வயதுவாரியாகப் பிரித்தால், வளர்ந்த வண்டுகள் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. மீதித் தொண்ணூற்றைந்துக்கு மேல் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தானியத்துக்குள்ளேயே இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு வண்டுக்கும் தெரியாதவை இருபதாவது உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணிப் பார்க்கும் எண், ஒரு மாதத்துக்கு முன்னால் போட்ட முட்டைகளின் கணக்கு. அதாவது பழைய செய்தி. இந்தத் தாமதம்தான் கீழே சொல்லப்போகிற எல்லாக் கதைகளிலும் வேறு வேறு வேஷத்தில் வரும்.

மாவுப் பாத்திரம்

சரி, உலகம் ஏன் வண்டால் நிரம்பவில்லை? இதற்கு டிரம்மை விட்டு அடுப்பங்கரை மேடைக்கு வருவோம். சாயங்காலம் ஆட்டி வைத்த இட்லி மாவைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் சில மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். நள்ளிரவுக்கு மேல் சரசரவென்று ஏறும், பாத்திரம் சின்னதாக இருந்தால் வழிந்து மேடையெல்லாம் கொட்டும். விடிந்தபின் அவ்வளவாக ஏறாது. உள்ளே பெருகுவது பாக்டீரியாக்கள். அவை விடும் வாயுதான் மாவைத் தூக்குகிறது, அவை விடும் அமிலம்தான் புளிப்பு. தொடக்கத்தில் பெருக்கும் ஆட்கள் குறைவு என்பதால் ஒன்றும் தெரிவதில்லை, நடுவில் ஆட்களும் நிறைய, தீனியும் நிறைய, அதனால் வேகம். கடைசியில் அவை விட்ட அமிலமே அவற்றின் கழுத்தை நெரிக்கிறது.

காகிதத்தில் வரைந்தால் முதலில் படுத்துக் கிடந்து, பிறகு செங்குத்தாக எழுந்து, மேலே போய்ச் சமதளமாகும் ஒரு கோடு. இதற்கான சமன்பாட்டை பெல்ஜியத்துக் கணித அறிஞர் பியர் பிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட் 1838-இலேயே எழுதிவிட்டார். அவர் யோசித்தது மாவைப் பற்றி இல்லை, மக்கள்தொகையைப் பற்றி. கோடு சமதளமாகும் அந்த உயரத்தைத் தாங்குதிறன் என்கிறோம். அந்த இடத்தின் தீனி, தண்ணீர், கூடு கட்ட இடம், கழிவை ஏற்கும் வசதி எல்லாம் சேர்ந்து இத்தனை பேரைத்தான் நீண்ட காலம் வைத்துக் காப்பாற்ற முடியும் என்கிற அளவு அது. கூட்டம் அந்த அளவை நெருங்க நெருங்கப் பிறப்பு குறையும், இறப்பு கூடும், இரண்டும் சமமாகும் இடத்தில் எண்ணிக்கை நிற்கும்.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. கூட்டம் மிக வேகமாக வளர்வது, நிறைய இருக்கும்போதும் இல்லை, கொஞ்சமாக இருக்கும்போதும் இல்லை, தாங்குதிறனில் ஏறத்தாழப் பாதி இருக்கும்போது. கற்பனையாக ஒரு ஏரி, ஆயிரம் மீன் தாங்கும், தடையே இல்லாவிட்டால் ஆண்டுக்குப் பாதிப் பங்கு பெருகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெர்ஹுல்ஸ்ட் கணக்கின்படி, நூறு மீன் இருக்கும்போது அந்த ஆண்டு சேர்வது 45. தொள்ளாயிரம் இருந்தாலும் 45 தான். ஐந்நூறு இருந்தால் 125. மீனவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டுக் கணக்கு. அளவுக்கு மீறிப் பிடித்துக் கூட்டத்தை நூறுக்குக் கொண்டுபோய்விட்டால், அடுத்தடுத்த ஆண்டுகளில் எவ்வளவு டீசல் போட்டு ஓடினாலும் 45-க்கு மேல் எடுத்தால் முதலே கரையும். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பதற்குக் காரணமும் இந்த நான்கு வாசல் கணக்குதான். மீன் இனம் பெருகும் காலத்தில் இறப்பு வாசலைக் கொஞ்சம் சாத்திவைக்கிறார்கள்.

ஆனால் இந்த அழகான வளைகோட்டை முழுதாக நம்பிவிடக் கூடாது. அது ஒன்றை மறைமுகமாகச் சொல்கிறது: தீனி குறைகிறது என்பது கூட்டத்துக்கு உடனே தெரிந்துவிடும், அது உடனே நிதானித்துவிடும். உண்மையில் அப்படி உடனே எதுவும் தெரிவதில்லை. தெரிவதற்குள் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தீவு சாட்சி.

29 மான்கள்

அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலின் நடுவில் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு. பரப்பு சுமார் 330 சதுர கிலோமீட்டர், மனிதர் யாரும் குடியில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் வழிகாட்டும் ஒரு ரேடியோ நிலையம் வைத்திருந்தது. கப்பல் வராவிட்டால் சாப்பாட்டுக்கு ஆகுமே என்று 1944-இல் 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள், 24 பெண், 5 ஆண். கொஞ்ச நாளில் போர் முடிந்தது, ஆட்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், மான்கள் மட்டும் தங்கிவிட்டன. ஓநாய் இல்லை, வேட்டைக்காரன் இல்லை. தரையெல்லாம் மெத்தைபோல லைக்கன். லைக்கன் என்றால் பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் கூடி வாழும் ஒரு படர்வு, நம் ஊரில் பாறையிலும் மரப்பட்டையிலும் வெளிர்சாம்பல் திட்டாக இருக்குமே, அந்த வகையறா. ரெயின்டீருக்குக் குளிர்காலச் சாப்பாடு அதுதான்.

டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் 1957-இல் போய்ப் பார்த்தபோது 1,350 மான்கள் கொழுகொழுவென்று இருந்தன. 1963-இல் மறுபடி போனார், 6,000. சதுர கிலோமீட்டருக்குப் பதினெட்டு மான். அடுத்த பயணம் 1966. தீவெங்கும் எலும்பு. உயிரோடு இருந்தவை 42. அதில் 41 பெண், ஒரே ஒரு ஆண், அதுவும் கொம்பு சரியாக வளராத ஆண். குட்டி ஒன்றுகூட இல்லை. அப்புறம் அந்தக் கூட்டம் எழுந்திருக்கவே இல்லை, 1980-களுக்குள் கடைசி மானும் போய்விட்டது.

என்ன நடந்தது? 1963-64 குளிர்காலம் படுமோசமான ஒன்று, பனி அளவுக்கு மீறிக் கொட்டியது, காற்றும் குளிரும் சேர்ந்துகொண்டன. அந்த ஒரே குளிர்காலத்தில் பெரும்பாலான மான்கள் செத்தன என்பதுதான் கிளைன் வந்த முடிவு. அப்படியானால் குற்றவாளி குளிரா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். கிளைன் 1963-இல் எடுத்த குறிப்புகளைப் பாருங்கள். 1957-இல் பார்த்ததைவிட வளர்ந்த மான்களின் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. நூறு பெண் மான்களுக்கு 75 குட்டி என்று இருந்தது 60 ஆகியிருந்தது. லைக்கன் மெத்தை தேய்ந்துபோய், அதன் இடத்தில் புல்லும் கோரையும் வந்திருந்தன. லைக்கன் ஒரு பருவத்தில் முளைத்து நிறைகிற பயிர் இல்லை, மேய்ந்த இடம் பழையபடி ஆகப் பல பத்து ஆண்டுகள் பிடிக்கும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. 29, 1,350, 6,000 என்று ஏறுமுகம்தானே! ஆனால் வேகத்தைக் கணக்கிட்டால் சின்னதாக ஒரு மணி அடிக்கிறது. முதல் 13 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 34 விழுக்காடு வளர்ச்சி, அடுத்த 6 ஆண்டுகளில் 28. ஏறிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மான்கள் அப்போது வட்டியைத் தின்னவில்லை, முதலைத் தின்றுகொண்டிருந்தன. மெத்தை கனமாக இருந்ததால் முதல் கரைவதே தெரியவில்லை. தாங்குதிறன் என்பது நிலைத்த ஒரு கோடு, கூட்டம் அதில் போய் மெதுவாக உட்காரும் என்று நினைத்தால், இங்கே கூட்டம் கோட்டைத் தாண்டிக் குதித்ததோடு கோட்டையே கீழே இழுத்துவிட்டது. 6,000 மான் நின்ற அன்றைக்கு அந்தத் தீவு தாங்கக்கூடியது எத்தனையோ குறைவு.

குளிர் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணிக்கையைக் குறைக்கும் காரணங்களை இரண்டு ரகமாகப் பிரிப்பது வழக்கம். பட்டினி, தொற்றுநோய், இடச்சண்டை முதலியவை கூட்டம் நெருங்க நெருங்க இறுகும். புயல், வறட்சி, கடுங்குளிர், காட்டுத்தீ போன்றவை கூட்டம் பெரிதா சிறிதா என்று பார்க்காமல் அடிக்கும். பாடப்புத்தகத்தில் இரண்டும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும், தீவில் அப்படி இருக்கவில்லை. அதே குளிர் 1957-இல் வந்திருந்தால் முதுகில் கொழுப்போடு, காலடியில் லைக்கனோடு நின்ற மான்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். பட்டினி வாசலைத் திறந்து வைத்திருந்தது, குளிர் வந்து தள்ளிவிட்டது.

அந்த 42-ஐயும் யோசித்துப் பாருங்கள். 29 மானிலிருந்து 6,000 வந்தது, 42-இலிருந்து ஏன் வரவில்லை? எண் முக்கியமில்லை, எவை மிஞ்சின என்பது முக்கியம். மிகச் சின்னக் கூட்டத்துக்கென்றே தனியாகச் சில கஷ்டங்கள் உண்டு. இணை கிடைக்காது, கிடைத்தால் உடன்பிறந்ததாக இருக்கும், கூட்டமாக நின்று எதிரியை விரட்டப் பழகிய விலங்குக்குக் கூட்டமே இருக்காது. குறைவாக இருந்தால் ஆளுக்கு நிறையத் தீனி, சீக்கிரம் பெருகிவிடும் என்கிற நியாயம் ஒரு அளவுக்குக் கீழே வேலை செய்யாது.

"ஓநாய் இருந்திருந்தால் கட்டுக்குள் இருந்திருக்கும்" என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஓநாயும் நான்கு வாசலுக்கு உட்பட்டதுதானே. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்று ஒரு தீவு, அங்கே மூஸ் மானையும் ஓநாயையும் 1958 முதல் ஆராய்ந்து வருகிறார்கள். 1980-இல் 50 ஓநாய்கள் இருந்தன. இரண்டே ஆண்டில் 14 ஆயின, நாய்களிடமிருந்து பரவிய பார்வோ வைரஸ் ஒரு காரணம். ஓநாய் குறைந்ததும் மூஸ் பெருகி 1995-இல் 2,400 அளவுக்குப் போய், அடுத்து வந்த கடுங்குளிரிலும் தீனிப் பஞ்சத்திலும் இரண்டு ஆண்டுக்குள் 500 அளவுக்குச் சரிந்தன. 1997-இல் ஏரி உறைந்திருந்தபோது ஒரே ஒரு ஆண் ஓநாய் பனிமேல் நடந்து தீவுக்கு வந்து சேர்ந்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டி போட்டு நலிந்துகொண்டிருந்த கூட்டத்துக்குக் கொஞ்ச காலம் புது ரத்தம் கிடைத்தது. வந்துசேரும் வாசல் வழியாக நுழைந்த ஒற்றை விலங்கு! அதற்குப் பிறகும் நலிந்து, 2018-இல் இரண்டே ஓநாய்தான் மிச்சம், அதன் பிறகு 2018-19-இல் 19 ஓநாய்களைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தீவிலேயே, ஓநாய் ஏறினால் மான் இறங்கும் என்கிற ஒற்றைவரிப் பாடம் அங்கங்கே உதைக்கிறது.

ஒரே ஒரு முட்டை

இதுவரை சொன்னதில் பெருகுவதுதான் பிரச்சினை. இனி எதிர்ப்பக்கம்.

வண்டு ஒரு வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், பெரும்பாலானவை சாகும், அதனாலொன்றும் அந்த இனம் அழியாது. பாறு கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, வேறு ரகம். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. குஞ்சு வளர்ந்து இணைசேர ஐந்து ஆண்டுபோல ஆகும். நீண்ட ஆயுள், நிதானமான இனப்பெருக்கம், சுருங்கச் சொன்னால் வளர்ந்த பறவை சாகக் கூடாது என்கிற நம்பிக்கையில் ஓடுகிற வண்டி அது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்கள் என் வசதிக்கு வைத்துக்கொண்டவை. ஆண்டுக்கு நூறு வளர்ந்த பறவையில் ஐந்து சாகிறது என்றால், ஒரு பறவைக்கு முட்டையிடும் காலம் சராசரியாக 20 ஆண்டு கிடைக்கும். சாவு பதினைந்து ஆனால் ஏழு ஆண்டுகூட இல்லை. நூறில் பத்துப் பறவை கூடுதலாகச் செத்தது, கேட்பதற்குப் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் வாழ்நாள் முட்டை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வண்டைப்போல அடுத்த மாதம் சேர்த்துப் போட்டு ஈடுகட்ட வழியும் இல்லை.

இந்தியாவில் நடந்தது இதைவிடக் கொடூரம். மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் டைக்ளோஃபெனாக் ஊசி போட ஆரம்பித்தார்கள். மலிவான மருந்து, மாட்டுக்கு நல்லது. அந்த மாடு செத்து, பாறு அதைத் தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்து சில நாளில் சாகும். இதை 2004-இல்தான் கண்டுபிடித்தார்கள், அதுவும் பாகிஸ்தானில் செத்த பறவைகளை ஆராய்ந்து. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் 99.9 விழுக்காடு குறைந்துவிட்டது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று! இதற்கு எல்லா மாடும் நஞ்சாக இருக்க வேண்டியதில்லை. திறந்த வெளியில் கிடக்கும் பிணங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு பிணத்தின்மேல் கூட்டமாக இறங்கித் தின்னும் பறவை, ஆண்டு முழுக்க எத்தனையோ பிணம், அதில் ஒன்று போதாதா?

கால்நடைகளுக்கு இந்த மருந்து கொடுப்பது 2006-இல் தடை செய்யப்பட்டது. அதே தீங்கு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023-இல் தடை ஆயின. தடை வந்த மறுவருடம் வானம் நிறைந்துவிடவில்லையே என்று அலுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்படி நிறையும்? ஆண்டுக்கு ஒரு முட்டை, ஐந்து ஆண்டுக் காத்திருப்பு. நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுக் கூட்டம் பெருக வேண்டுமானால் பத்தாண்டுக் கணக்கில்தான் பேச வேண்டும். விழுந்தது மாடியிலிருந்து, ஏறுவது படிக்கட்டில்.

எண்ணுவது என்ற தலைவலி

எல்லாம் சரி, காட்டில் நிற்கும் விலங்கை யார் எப்படி எண்ணுகிறார்கள்? இதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் எண் மாறினால் விலங்கு மாறியிருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

நம் மாநில விலங்கான வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2024-இல் ஒருங்கிணைந்து எடுத்த கணக்கெடுப்பில் 1,031 என்று வந்தது. 2025-இல் 1,303. ஒரே ஆண்டில் 272 கூடியது, நாலில் ஒரு பங்குக்கும் மேல். வரையாடு பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி போடும் விலங்கு, குட்டிகளில் கணிசமானவை பெரிதாவதற்குள் சாகும். ஆகவே இந்த 272-உம் அந்த ஓராண்டில் பிறந்து சேர்ந்தவை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாம் முறை தேடிய இடங்களும் அதிகம், முந்தைய ஆண்டு பழகிய கண்களும் உண்டு. முன்பே அங்கே இருந்தவற்றில் சில இப்போது எண்ணில் ஏறியிருக்கும். இதில் குறை ஒன்றும் இல்லை, நல்ல செய்திதான். செங்குத்துப் பாறையில் மூடுபனிக்குள் நிற்கும் ஆட்டை எண்ணுவது, கல்யாண வீட்டில் பந்திக்கு இலை எண்ணுவதுபோல இல்லை. ஒரே முறையில், ஒரே பகுதிகளில், ஒரே பருவத்தில் தொடர்ந்து எண்ணினால், ஐந்தாறு ஆண்டு கழித்துக் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். அதிலும் மொத்த எண்ணைவிட, நூறு பெண் ஆட்டுக்கு எத்தனை குட்டி என்ற எண்ணை நான் முதலில் பார்ப்பேன். கிளைனின் குறிப்பில் 75 என்பது 60 ஆனது மாதிரி, சங்கதி அங்கேதான் முதலில் கசியும்.

என் அரிசிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துக் கொட்டிப் பரப்பினேன். வெயில் ஏற ஏற வண்டுகள் வரிசையாக ஓரத்துக்கு நடந்து சுவரைப் பார்த்துப் போக ஆரம்பித்தன, நான்காவது வாசல். சாயங்காலம் முறத்தில் புடைத்து, டிரம்மைக் கழுவிக் காயவைத்து, காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டுப் பெருமையாக மூடியபின் அம்மாவுக்குப் போன் செய்தேன். "இன்னிக்கு ஓடினது பெருசுங்க மட்டும்தான். உள்ள இருக்கிறது வெளிய வரட்டும், மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை காயப்போடு" என்றார். மூன்று வாரம் கழித்துத் திறந்தேன், மேலே பதினொன்று நடந்துகொண்டிருந்தன.